சார்ஜன்ட் ஐசக் வூடார்டும் எழுபத்திரண்டு ஆண்டு நின்ற தீர்ப்பும்

(கமக்காரரும் சட்டத்துறையினரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



போர்வீரர் ஒருவரின் வாழ்வையும், அவரை அவரது குடும்பமும் ஊரும் நினைவுகூர்ந்த வகையையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். வீரனுக்கு நடுகல் நட்டு, அதில் அவன் பெயரும் பீடும் எழுதிய மரபில் வந்தவர்கள் நாம். ஆகவே போர்வீரர் என்றதும் வில்லும் வாளும் வெற்றிமாலையும் நம் மனக்கண்முன் வருவது இயல்பே. ஆனால் நான் இன்று கூறவிருக்கும் வீரர் எந்தக் கோட்டையையும் பிடித்தவரல்லர். எந்தப் படைக்கும் தலைமை தாங்கியவருமல்லர். கப்பலிலிருந்து சரக்கு இறக்கியவர். அவர் தம் கண்களை இழந்தது போர்க்களத்திலுமன்று. போர் முடிந்து வீடு திரும்பும் வழியில், தம் சொந்த நாட்டில், தம் நாட்டுச் சீருடையை அணிந்திருந்த வேளையில், அந்நாட்டுப் பொலிஸ் அதிகாரியின் கையால் இழந்தார். அவர் பெயர் ஐசக் வூடார்ட். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் கரோலினா மாநிலத்தவர், கறுப்பினத்தவர்.

கமஞ்செய்வோர் இக்கூட்டத்தில் நிறைந்திருப்பதால் அவர் பிறந்த குடும்பத்தைப் பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை கூறுகிறேன். 1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் திகதி, தென் கரோலினாவின் ஃபெயார்ஃபீல்ட் மாவட்டத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத குடிகள். வாரக்குடி என்றால் என்னவென்று இங்கு எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. விதையும் உரமும் கடன்; விளைந்ததில் நிலக்காரர் பங்கு போக மிஞ்சுவது அக்கடனுக்கும் போதாது; மறுபோகத்துக்கு மறுபடியும் கடன். கறுப்பினத்தவருக்கு அன்று அங்கே வேறு பள்ளிக்கூடம், வேறு தண்ணீர்க்குழாய், பஸ்ஸில் வேறு ஆசனம். வாக்குரிமை ஏட்டில் இருந்தது, வாக்குச்சாவடியில் இல்லை.

1942 ஒக்டோபரில் வூடார்ட் இராணுவத்தில் சேர்ந்தார். அமெரிக்கப் படையும் அன்று நிறத்தால் இரண்டாகப் பிளந்தே கிடந்தது. கறுப்பின வீரருட் பெரும்பாலோருக்குத் துப்பாக்கிக்கு முன்னே மண்வெட்டியும் மூட்டையுமே கொடுக்கப்பட்டன. வூடார்ட் சேர்க்கப்பட்டது 429ஆம் துறைமுகப் பட்டாளத்தில். பசிபிக் களத்தில், நியூகினியில், பகைவரின் தாக்குதலுக்கிடையே கப்பலில் வந்த சரக்கை இறக்குவது அவர்கள் பணி. சுமைகாரரின் வேலைதானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. குண்டு விழும் கரையில் நின்று குண்டுப் பெட்டியைத் தூக்குபவன், முன்னணியில் நிற்பவனுக்குக் குறைந்த துணிவுடையவனல்லன். அப்பணிக்காகவே அவருக்குப் போர்க்கள நட்சத்திரம் வழங்கப்பட்டது. சார்ஜன்ட் பதவியும் கிடைத்தது.

1946 பெப்ரவரி 12. ஜோர்ஜியா மாநிலத்தின் ஓகஸ்டா நகருக்கு அருகிலுள்ள கோர்டன் முகாமில் அவர் நற்சான்றுடன் படைவிடுப்புப் பெற்றார். வயது இருபத்தாறு. சீருடையைக் களையாமலே அன்றிரவு பஸ் ஏறினார். வின்ஸ்பரோ என்னும் ஊரில் மனைவி காத்திருந்தாள். வழியில் பஸ் நின்ற ஓரிடத்தில், இறங்கிச் சென்று சிறுநீர் கழித்துவர நேரமுண்டோ என்று சாரதியைக் கேட்டார். சாரதி வசைமொழி கூறினான். தாம் பேசுவதுபோலவே தம்மோடும் பேசவேண்டும், தாமும் ஒரு மனிதரே என்று வூடார்ட் பதில் சொன்னார். இவ்வளவுதான் வழக்கின் மூலம். ஒரு மனிதன் தன்னை மனிதன் என்று சொன்னான், அது குற்றமாயிற்று.

பேட்ஸ்பர்க் என்னும் சிற்றூரை அடைந்ததும் சாரதி பொலிசாரை அழைத்தான். ஊர்ப் பொலிஸ் தலைவர் லின்வூட் ஷல் வந்தார். அவர் கையில் ஈயம் பொதிந்த தோலுறைத் தடி இருந்தது. படைவிடுப்புப் பெற்றவனா என்று கேட்டார். வூடார்ட் 'ஆம்' என்றார். 'ஐயா' என்ற மரியாதைச்சொல் அதனோடு சேரவில்லை. அடி விழுந்தது. வூடார்ட் அத்தடியைப் பற்றி ஷல்லின் கையிலிருந்து முறுக்கி எடுத்துவிட்டார் என்பதும் உண்மை. தமது சத்தியக்கடதாசியில் அதை அவரே மறையாமல் கூறியிருக்கிறார். மற்றொரு பொலிஸ்காரர் துப்பாக்கியை நீட்டியதும் தடியைக் கீழே போட்டார். அதன்பின் நிகழ்ந்தது தற்காப்பன்று. தடியின் முனையால் கண்களில் இடித்தார்கள். இரு கண்மணிகளும் சிதைந்தன. இரவு முழுவதும் சிறைக்கூடத்தில் கிடந்தார்.

மறுநாட் காலையில் நடந்ததைச் சட்டத்துறை நண்பர்கள் கூர்ந்து கேட்கவேண்டும். கண் தெரியாத அவரைக் கையைப் பிடித்து நடத்தி ஊர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நகரபிதாவே அங்கு நீதவான். வெறித்திருந்தார், ஒழுங்கைக் குலைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது டொலர் குற்றப்பணம், அல்லது வீதியில் முப்பது நாட் கடூழியம் என்பது தீர்ப்பு. வூடார்டின் பணப்பையில் நாற்பது டொலர் இருந்தது. கடிகாரப் பையில் நான்கு டொலர். அவற்றோடு, மூன்றாண்டுக்கு மேற்பட்ட சேவையின் இறுதிக் கொடுப்பனவாக 694 டொலர் 73 சதத்துக்கு ஓர் அரசாங்கக் காசோலையும் இருந்தது. இக்காசோலையில் ஒப்பமிட உனக்குக் கண் தெரிகிறதா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றார். காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்பத்துநான்கு டொலரை எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணைக் கெடுத்தவர்களே கண் தெரிகிறதா என்று கேட்டுக் குற்றப்பணம் வசூலித்த நீதிமன்றத்தை உலக வழக்கேடுகளில் எளிதில் காணமுடியாது. எனினும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அன்று ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது: ஐசக் வூடார்ட், குற்றவாளி. அந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். அதைத் தொடர்ந்தே நான் பேசப்போகிறேன்.

பழைய படைவீரருக்கான மருத்துவமனையில் இரு மாதம் கிடந்தார். பார்வை திரும்பாது, கண்ணற்றோர் பள்ளியில் சேர்ந்துகொள் என்று மருத்துவர் கூறினார். ஏப்ரலில் உடன்பிறந்த பெண்கள் வந்து அவரை நியூ யோர்க்குக்கு அழைத்துச் சென்றார்கள். பெற்றோர் அப்போது அந்நகரின் பிரொங்ஸ் பகுதியில் குடியேறியிருந்தனர். மணவாழ்வு நிலைக்கவில்லை. அவரைத் தாங்கியது பிறந்த குடும்பமே.

குடும்பத்தார் அழுதுகொண்டு வீட்டுக்குள் இருந்துவிட்டிருந்தால் இக்கதையை இன்று நாம் அறிந்திருக்க மாட்டோம். செய்தி, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்துக்கு எட்டியது. அச்சங்கத்தின் செயலாளர் வோல்ட்டர் வைட். ஏப்ரல் 23ஆம் திகதி வூடார்டின் சத்தியக்கடதாசி எழுதப்பட்டது. நம்மிடையே எத்தனையோ அநியாயங்கள் வாய்மொழியாகவே பிறந்து வாய்மொழியாகவே மறைகின்றன. திகதியோடும், தொகையோடும், சொல்லப்பட்ட வார்த்தைகளோடும் சத்தியஞ்செய்து எழுதிய ஒரு கடதாசி என்ன செய்யும் என்பதை இனிப் பாருங்கள்.

அக்கடதாசியை வானொலியில் வாசித்தவர் ஓர்சன் வெல்ஸ் என்னும் புகழ்பெற்ற நடிகர். 1946 ஜூலை 28 தொடங்கி வாரந்தோறும் அவர் இவ்வழக்கைப் பேசினார். பெயர் தெரியாத அப்பொலிஸ்காரனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று சூளுரைத்தார். ஆனால் இடம் தவறிவிட்டது! கண்ணிழந்தவர் ஊரை எப்படிக் கண்டிருப்பார்? எய்க்கன் என்ற ஊரில் நிகழ்ந்ததாகவே வூடார்ட் நினைத்திருந்தார். கடதாசியிலும் அப்படியே இருந்தது. எய்க்கன் நகரத்தார் கொதித்தெழுந்தனர். வெல்ஸின் படங்களை அங்கே காட்டவிடாது தடுத்தனர். அதே பஸ்ஸில் பயணஞ்செய்த மற்றொரு போர்வீரர் முன்வந்து, இடம் பேட்ஸ்பர்க் என்று கூறினார். அதன்பின்னரே ஷல்லின் பெயர் வெளிவந்தது. உண்மையான குற்றச்சாட்டும் ஒரு பெயர்ப் பிழையால் உடைந்துபோகலாம். அது உடையாமற் காத்தது ஆராய்ச்சியுமன்று, அரசாங்கமுமன்று. வாய் திறக்கத் துணிந்த ஒரு சக பயணி.

அவ்வாண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி நியூ யோர்க்கின் லூயிசோன் திறந்தவெளி அரங்கில் வூடார்டுக்கு உதவி நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. இருபதினாயிரம் பேர்வரை கூடினர். உலகக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் முன்னின்று நடத்தினார். வூடி கத்ரி என்ற நாட்டுப்பாடகர் வூடார்டைப் பற்றியே பாட்டுக் கட்டிப் பாடினார்.

வூடார்ட் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த கதியுமன்று இது. அதே 1946 ஜூலையில் ஜோர்ஜியாவில், மேசியோ ஸ்னைப்ஸ் என்ற கறுப்பினப் போர்வீரர் தேர்தலில் வாக்களித்ததற்காகச் சுடப்பட்டு இறந்தார். சில நாட்களில், அதே மாநிலத்தில், ஜோர்ஜ் டோர்சி என்னும் மற்றொரு போர்வீரரும், அவர் மனைவியும், வேறொரு தம்பதியருமாக நால்வர் கும்பலொன்றினால் சுட்டுக் கொல்லப்பட்டனர். போருக்குச் சென்று திரும்பியவன் தலை நிமிர்ந்து நடப்பான் என்ற அச்சமே தென்மாநில வெள்ளையரை அவ்வாண்டில் ஆட்டியது. சீருடை, அவன் சாதித்ததை அறிவித்தது; அதனாலேயே அது அவர்கள் கண்ணை உறுத்தியது.

செப்ரெம்பர் 19ஆம் திகதி வோல்ட்டர் வைட் தலைமையில் ஒரு தூதுக்குழு ஜனாதிபதி ட்ரூமனைச் சந்தித்து, வூடார்டுக்கு நேர்ந்ததை எடுத்துரைத்தது. ட்ரூமன் முதலாம் உலகப்போரில் பீரங்கிப் படைக் கப்டனாக இருந்தவர். அவரது பாட்டன்மார் அடிமைகளை வைத்திருந்த பரம்பரை. தனிப்பேச்சில் அவரே இனத்தவரை இழித்துரைக்கும் சொற்களை வழங்கியவர். அப்படிப்பட்டவரையும் ஒரு சீருடைக்காரனின் கண்கள் அசைத்தன. மறுநாளே சட்டமா அதிபர் ரொம் கிளார்க்குக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களுள் ஷல்மீது சமஷ்டி அரசு வழக்குத் தொடுத்தது.

1946 நவம்பர் 5ஆம் திகதி கொலம்பியா நகரில், நீதிபதி வேற்றீஸ் வேரிங் முன்னிலையில், வழக்கு விசாரணைக்கு வந்தது. ஒரே நாளில் முடிந்தும்விட்டது. தாக்குதல் என்ற குற்றத்துக்கு மாநிலமே வழக்குத் தொடுக்கலாம், மாநிலமோ அசையவில்லை. ஆகவே, உத்தியோக அதிகாரத்தின் போர்வையில் ஒருவரின் உரிமையைப் பறித்த சிறுகுற்றம் என்ற சமஷ்டிச் சட்டப் பிரிவொன்றே மிஞ்சியது. அதிலும் ஓராண்டுக்கு மேல் சிறையில்லை. 1945இல் தீர்க்கப்பட்ட ஸ்க்ரூஸ் வழக்கில், அவ்வுரிமையைப் பறிக்கவேண்டுமென்ற வேண்டுமென்றான எண்ணத்தையும் நிரூபிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்திருந்தது. ஒருவன் கண்ணைக் குத்தினான் என்று காட்டினால் போதாது. அரசியலமைப்பு உரிமையொன்றைக் குத்தும் நோக்கோடு குத்தினான் என்றும் காட்டவேண்டும்! இவ்வளவு பாரத்தைச் சுமந்த வழக்குத்தொடுநர், சாட்சிகளைத் தேடுவதில் காட்டிய ஊக்கமோ மிகச் சொற்பம். அது நீதிபதி வேரிங்குக்கே அருவருப்பை உண்டாக்கியது.

எதிரி ஷல், தடியைப் பறிக்க வந்தவனை ஒரே ஒருமுறை அடித்தேன் என்றார். ஒரே அடியில் இரு கண்களும் எப்படிக் கெட்டன என்ற கேள்வியை ஒரு பயிலுநர் சட்டத்தரணியும் கேட்டிருப்பான். எதிரியின் தரப்புச் சட்டத்தரணியோ சட்டம் பேசவில்லை, இனத்தைத் தூற்றினார். சமஷ்டி அரசுக்கு எதிராகத் தீர்ப்பளிப்பது பிரிந்து போவதாகுமானால், தென் கரோலினா மறுபடியும் பிரிந்து போகட்டும் என்ற பொருள்பட யூரர் முன் முழங்கினார். யூரர் பன்னிருவரும் வெள்ளையர். அவர்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பிவந்து நீதிமன்றத்தை மேலும் இழிவுபடுத்துவார்கள் என்று நீதிபதி அஞ்சினார். ஆதலால், தாம் வெளியே உலாவச் செல்வதாகக் கூறி இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்தார். நீதிபதி ஆசனத்தில் இல்லாது தீர்ப்புச் சொல்ல முடியாதல்லவா? இருபத்தெட்டு நிமிடத்தில் யூரர் வந்தனர். குற்றவாளியல்லர். மன்றில் கைதட்டல் எழுந்தது.

நீதிபதியின் மனைவி கண்ணீரோடு வெளியேறினார்.

இவ்விடத்தில் சற்று நின்று, அந்நீதிபதியைப் பற்றிக் கூறவேண்டும். வேரிங் சார்ல்ஸ்டன் நகரின் பழங்குடும்பம் ஒன்றில் வந்தவர். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்படை வீரர் ஒருவரின் மகன். அறுபது வயதைக் கடந்தபின், வூடார்டின் வழக்கு அவரைப் புத்தகம் எடுக்கச் செய்தது. கணவனும் மனைவியுமாக மாலைதோறும், தம் நாட்டில் கறுப்பினத்தவர் நிலையை ஆராய்ந்த நூல்களை வாசித்தனர். குன்னார் மிர்டாலின் பெருநூலும் அவற்றுள் ஒன்று. அறுபது வயதில் மாறமுடியாதென்று கூறுவோர் இதைக் கவனிக்க. 1947 ஜூலையில், ஆளுங்கட்சியின் வேட்பாளர் தெரிவிலிருந்து கறுப்பினத்தவரை விலக்கியது செல்லாதென்று அவர் தீர்ப்பளித்தார். அம்மாநிலத்தில் அத்தெரிவே மெய்யான தேர்தல், பொதுத்தேர்தல் வெறுஞ்சடங்கு. உயர்குடியினர் அவரைப் புறக்கணித்தனர். 1950இல் அவர் வீட்டுக்குக் கல் எறியப்பட்டது.

கமக்கார அன்பர்களே, அதே மாநிலத்தின் கிளரெண்டன் மாவட்டத்தில் லீவை பியர்சன் என்று ஒரு கமக்காரர் இருந்தார். அம்மாவட்டத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பள்ளி பஸ்கள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. 1947இல் பியர்சன், ஒரு பஸ் தாருங்கள் என்று மனுக் கொடுத்து, பின்னர் வழக்கும் தொடுத்தார். அவருடைய காணி இரு பள்ளி வட்டாரங்களின் எல்லையில் கிடந்தது, வரி கட்டியது வேறு வட்டாரத்துக்கு என்று காரணங்காட்டி வழக்கைத் தள்ளினார்கள். காணி எல்லை வழக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். அந்த யுக்தியின் சாமர்த்தியம் நமக்கு விளங்கும். வழக்குப் போட்ட குற்றத்துக்காக அவருக்குக் கடன் மறுக்கப்பட்டது. வெட்டிய மரத்தை வாங்க ஆளில்லாமற் போயிற்று. வீட்டுக்குத் துப்பாக்கியாற் சுட்டனர்.

ஆயினும் அவ்வூரார் ஓயவில்லை. அடுத்த வழக்கின் முதல் மனுதாரராக நின்றவர் ஹரி பிரிக்ஸ். அவரும் இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர். பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தவர். ஒப்பமிட்டதற்காக அவர் வேலை போயிற்று. மனைவியின் வேலையும் போயிற்று. வழக்கை நடத்தியவர் தேர்குட் மார்ஷல். சமமான வசதி தாருங்கள் என்று கேட்பதைவிட, பிரித்துவைப்பதே சட்டவிரோதம் என்று நேராகக் கேளுங்கள் என்று வேரிங் அவரைத் தூண்டினார். 1951இல் மூன்று நீதிபதிகளுள் இருவர் மனுதாரருக்கு எதிராகத் தீர்த்தனர். வேரிங் மட்டும், பிரித்துவைத்தலே சமத்துவமின்மை என்று மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். 1954 மே 17ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது அக்கருத்தையே.

வேரிங் 1952இல் பதவி துறந்து நியூ யோர்க் சென்றார். 1968இல் இறந்தபோது உடல் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. அடக்கத்துக்குச் சுமார் இருநூறு கறுப்பினத்தவர் வந்தனர். அவர் பிறந்த குலத்தவர் பன்னிருவர்கூட இல்லை.

ஜனாதிபதியின் பக்கம் என்ன நடந்தது? ட்ரூமன் 1946 டிசெம்பரில் குடியியல் உரிமைக் குழுவொன்றை அமைத்தார். 1948 ஜூலை 26ஆம் திகதி 9981ஆம் இலக்கக் கட்டளையால் ஆயுதப்படைகளில் சமநடத்தையை விதித்தார். தேர்தல் நெருங்கியிருந்த காலம் அது. தென்மாநில வாக்குகள் போய்விடும், சற்று அடங்கிப் போ என்று பழைய படைத்தோழர் ஒருவர் எழுதியபோது, பஸ்ஸிலிருந்து இறக்கிக் கண்ணைக் கெடுக்கப்பட்ட ஒரு சார்ஜன்டைச் சுட்டியே ட்ரூமன் மறுமொழி எழுதினார். சார்ஜன்டின் பெயரை அவர் அக்கடிதத்தில் எழுதவில்லை. பிரிக்கப்பட்ட படைப்பிரிவுகள் கலைந்து முடிய 1954 ஆயிற்று.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, வூடார்டின் துன்பம் வீண்போகவில்லை என்று சிலர் ஆறுதலடையலாம். எனக்கு அந்த ஆறுதலில் உடன்பாடில்லை. நாடு பெற்றது ஒரு கணக்கு. அம்மனிதர் பெற்றது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி வரவுக்குச் செலவு சரி என்று காட்டுவது அரசியல்வாதிகளின் வழக்கம். நானும் அரசியலில் உழல்பவனாதலால் அவ்வித்தையை நன்கறிவேன்.

வூடார்ட் என்ன பெற்றார்? படைவிடுப்பு அளித்த பின்னரே காயம் ஏற்பட்டது, ஆகவே அது சேவைக் காயமன்று என்று கூறி, முழு ஓய்வூதியத்தை முதலில் மறுத்தார்கள். முகாம் வாசலைக் கடந்து சில மணி நேரம். உடலில் இன்னும் அரசாங்கத்தின் உடுப்பு. ஆயினும் ஏட்டில் அவர் போர்வீரரல்லர்! பஸ் கொம்பனிமீது தொடுத்த நட்டஈட்டு வழக்கும் தோற்றது. சில காலம் ஊரூராகக் கூட்டங்களில் பேசினார். பிறகு செய்தித்தாள்கள் வேறு செய்திகளுக்குச் சென்றுவிட்டன. பிரொங்ஸில், உற்றார் நடுவில், ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டு இருளில் வாழ்ந்தார். 1992 செப்ரெம்பர் 23ஆம் திகதி பழைய படைவீரர் மருத்துவமனையில் இறந்தார், வயது எழுபத்துமூன்று. கல்வெர்ட்டன் தேசியக் கல்லறையில், போர்வீரருக்குரிய மரியாதைக்குரிய இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்த நாளிலும் பேட்ஸ்பர்க் நீதிமன்றத்தின் அந்த ஒரு வரி அப்படியே இருந்தது. கட்டளைகள் பிறந்தன, பள்ளிகள் திறந்தன, அவரது வழக்கைக் கேட்ட நீதிபதியின் பெயரை 2015இல் சார்ல்ஸ்டன் நீதிமன்றக் கட்டடத்துக்கே சூட்டினார்கள். ஐசக் வூடார்ட் மட்டும் வெறித்து ஒழுங்கைக் குலைத்த குற்றவாளி. அவர் சார்பில் எவரும் மேன்முறையீடு செய்யவில்லை. கண் போனவருக்குக் குற்றப்பணம் பெரிய காரியமாகத் தோன்றியிராது. ஆனால் சட்டத்தின் கண்ணில் தண்டனைப் பதிவு என்பது அரசு ஒருவரைப் பற்றிச் சத்தியஞ்செய்து சொல்லும் வாக்கு. அதை அரசுதான் அழிக்கவேண்டும்; அயலார் அனுதாபத்தால் அது அழியாது.

நினைவு என்பது அங்கே குடும்பத்துக்குள் மாத்திரம் எரிந்த விளக்காகவே நெடுங்காலம் இருந்தது. பேட்ஸ்பர்க்கிலோ அதைப் பற்றிப் பேசுவாரில்லை. பின்னர், சார்ல்ஸ்டனில் வேரிங் அமர்ந்த அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருக்கும் ரிச்சர்ட் கெர்கல், பழைய ஏடுகளைத் தேடி இவ்வழக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 2019இல் வெளிவந்தது. இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சிலரும், அவ்வூரில் அக்கறை கொண்டோரும், அங்கே ஒரு நினைவுப் பலகை வேண்டும் என்று முயன்றனர். ஒரு போர்வீரரின் மானத்தைக் காக்க மற்றப் போர்வீரர் நிறம் பாராது முன்வந்தது குறிப்பிடத்தக்கது.

இன்று பேட்ஸ்பர்க்-லீஸ்வில் என வழங்கும் அவ்வூரின் நீதிமன்றம், 2018 ஜூனில் அப்பழைய வழக்கை மறுபடி திறந்து, தண்டனையை நீக்கிக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. எழுபத்திரண்டு ஆண்டு! அதற்கென்று புதுச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியிருக்கவில்லை. புதுச் சாட்சியும் தேவைப்படவில்லை. அவ்வாண்டுகளுள் எந்த நாளிலும் செய்திருக்கக்கூடிய காரியம். கேட்பார் இல்லாததால் கிடந்தது.

2019 பெப்ரவரியில் நினைவுப் பலகை திறக்கப்பட்டது. வூடார்டின் மருமகன் முறையான ஒருவர், முதுமையடைந்தவர், நியூ யோர்க்கிலிருந்து குடும்பத்தின் சார்பில் வந்திருந்தார். ஊரின் பெயர், ஆண்டு, அதிகாரியின் செயல், யூரரின் தீர்ப்பு, ஜனாதிபதியின் கட்டளை ஆகிய யாவும் மழுப்பாது அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அடிப்பாகத்தில், கண்ணற்றோர் விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்தும் உண்டு.

கூட்டம் தொடங்குமுன் வயலிலிருந்து நேரே வந்த ஒரு பெரியவர், அந்தப் பொலிஸ்காரன் என்ன ஆனான் என்று என்னைக் கேட்டார். ஷல் அதன்பின் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. அவ்வூரிலேயே வாழ்ந்து முதுமை எய்தி, வூடார்ட் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1997இல் காலமானார். மன்றின் தீர்ப்பின்படி அவர் குற்றவாளியல்லர். யூரர் விடுவித்த ஒருவரை அதே குற்றத்துக்காக அந்நீதிமன்றம் மீண்டும் விசாரிக்க இயலாது. அந்தப் பதிவும் அங்கே இருக்கிறது. அதை மாற்ற வழியில்லை, ஐயா.